மலையே மதில்: ஈக்வடாரில் எப்படி இத்தனை பறவைகள்?

தென் அமெரிக்காவின் ஈக்வடார் சின்ன நாடு. இந்தியாவின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் பறவை இனங்களை எண்ணினால் 1,600-ஐத் தாண்டும். இந்தியாவிலோ சுமார் 1,350தான். ஹம்மிங்பறவைகளில் மட்டுமே அங்கே ஏறக்குறைய 130 வகை. கிழக்கே அமேசான் காடு இருக்கிறது, அதனால்தான் என்று சொல்லிவிடலாம். அது பாதி பதில். மீதி, நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் ஆண்டிஸ் மலையில் இருக்கிறது.

மலை ஏறினால் 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குளிர்ந்துகொண்டே போகும். இது எல்லா மலைக்கும் பொது. பூமத்திய ரேகை மீதே நிற்கும் மலைக்கு மட்டும் இன்னொரு விசேஷம் உண்டு: அங்கே கோடை, குளிர்காலம் என்று பெரிய வித்தியாசம் கிடையாது. 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் தலைநகர் கீட்டோவில் ஜனவரி ஆனாலும் ஜூலை ஆனாலும் சராசரி வெப்பம் 14 டிகிரியை ஒட்டியே நிற்கும்.

இதனால் என்ன ஆகிறது என்பதை 1967-ல் டேனியல் ஜான்சென் என்ற அமெரிக்கச் சூழலியலாளர் விளக்கினார். ஆல்ப்ஸ் அடிவாரத்துப் பூச்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வருடா வருடம் உறைபனியும் வெயிலும் மாறி மாறிப் பார்த்த உடம்பு அதற்கு. கோடையில் மலையேறினால் மேலே உள்ள குளிர் அதற்குப் புதிதல்ல. கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடும். ஈக்வடார் அடிவாரத்துப் பூச்சியின் பரம்பரையே அந்தக் குளிரைக் கண்டதில்லை. அதே 3,000 மீட்டர் கணவாய் அதற்கு மதில்சுவர். மேலே இருப்பவைக்கும் இதே கதைதான், கீழே இறங்கினால் வெக்கை தாங்காது. போக்குவரத்து நின்றால் கலப்பும் நிற்கும். ஒரே இனமாக இருந்தவை சுவரின் இரு பக்கமும் தனித்தனியே மாறி, லட்சக்கணக்கான வருடங்களில் வேறு வேறு இனங்களாகிவிடும். மாடி மாடியாக அடுக்கிய வீட்டில் ஒவ்வொரு மாடிக்கும் தனிக் குடித்தனம் மாதிரி.

மேல்மாடிக்குப் போய்ப் பார்ப்போம். சிம்பொராசோ எரிமலையின் சரிவில் 4,000 மீட்டருக்கு மேல் மரமே இல்லாத புல்வெளி, பாராமோ என்பார்கள். கருநீல ஊதாத் தலையும் வெள்ளை வயிறுமாக ஹில்ஸ்டார் என்ற ஹம்மிங்பறவை அங்கே சுக்கிராகா செடியின் ஆரஞ்சுப் பூக்களில் தேன் குடிக்கும். அந்தரத்தில் நின்று குடிப்பதுதானே ஹம்மிங்பறவையின் பெருமை? இது அப்படிச் செய்வது குறைவு. நம் ஊர்த் தேன்சிட்டு போலக் காலால் பூவைப் பற்றி உட்கார்ந்துவிடும். காற்று அங்கே மெல்லியது. சிறகு எவ்வளவு அடித்தாலும் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஆக்சிஜனும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதம்தான். உட்கார்வது சோம்பல் அல்ல, சிக்கனம்.

இரவுக்கு வேறு உத்தி. பாறை இடுக்கில் ஒதுங்கி, தூக்கத்தைவிட ஆழமான மந்தநிலைக்குப் போய்விடும். உடம்பின் அடுப்பையே அணைத்துவிடுவது என்று சொல்லலாம். பெருவின் ஆண்டிஸில் வேறொரு ஹம்மிங்பறவையை அளந்தார்கள். உடல் வெப்பம் சுமார் 3 டிகிரிவரை இறங்கியிருந்தது. எந்தப் பறவையிலும் இவ்வளவு குறைவாக அதுவரை பதிவானதில்லை. விடிந்ததும் நடுங்கி நடுங்கிச் சூடேற்றிக்கொண்டு தேனுக்குக் கிளம்பியாக வேண்டும்.

சரி, மாடிகளின் வெப்பமே மாறினால்? ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட் 1802-ல் சிம்பொராசோவில் ஏறி, எந்த உயரத்தில் என்ன செடி என்று வரைந்து வைத்திருந்தார். அதோடு ஒப்பிட்ட 2015-ம் ஆண்டு ஆய்வு, செடிகள் 500 மீட்டருக்கும் மேலே ஏறிவிட்டன என்றது. அப்புறம் 2019-ல் ஒரு திருத்தம் வந்தது: ஹம்போல்ட் அந்தப் படத்தில் காட்டிய உயரச் செடிகளில் பெரும்பாலானவற்றைத் திரட்டியது அன்டிசானா என்ற வேறோர் எரிமலையில். அங்கே கணக்குப் பார்த்தால் ஏற்றம் 215 முதல் 266 மீட்டர். பாதியானாலும், திசை மேல்நோக்கித்தான்.

2018-ல் அறிவியலுக்கு அறிமுகமான நீலத்தொண்டை ஹில்ஸ்டார், தெற்கு ஈக்வடாரின் சில மலைமுகடுகளில் மட்டும் இருக்கிறது. மொத்தம் 750-க்கு மேல் இராது என்பது கண்டுபிடித்தவர்களின் மதிப்பீடு. அது வாழ்வது 3,300 முதல் 3,700 மீட்டர்வரை. அந்த மலைகளில் அதற்கு மேலே மாடி கிடையாது.