குழி இருக்கிறது, தண்ணீர் போகிறதா?

கட்டடப் பராமரிப்பு வேலையாகச் சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும், முதலில் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவேன். மழைத்தண்ணீர்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே கீழே வருவேன். பல இடங்களில் அது தெருவில்தான் போய் முடியும்.

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அந்த அவசரத்தில் எல்லாரும் மாடித் தண்ணீரை நிலத்துக்குள் இறக்க, ஜல்லியும் மணலும் போட்ட குழி தோண்டினார்கள். அப்புறம் திறந்து பார்த்தவர்கள் குறைவு. போன வருடம் ஒரு குடியிருப்பில் குழி எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். "அது அப்போ கவர்மென்ட்டுக்குக் காட்டப் போட்டது சார்" என்று நின்றிருந்த ஒரு காரைக் கைகாட்டினார். காரை நகர்த்தி, மேலே பதித்திருந்த டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தால், ஜல்லியே தெரியாத அளவுக்கு இறுகிப்போன சேறு. மாடிக் குழாயை யாரோ எல்போ என்ற வளைவுக் குழாய் போட்டுத் தெருப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். வாசலில் லாரி நின்று சம்ப்பில், அதாவது தரையடித் தொட்டியில், தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். 5 சென்டிமீட்டர் மழைக்கு அதில் 4,600 லிட்டர் விழும். சிதறியது, உறிஞ்சியது போக 4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி மூன்று மழை பெய்தால் 12,000 லிட்டர் லாரி ஒன்று நிறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் 5 சென்டிமீட்டர் சென்னைக்குப் புதிதில்லை.

2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. என் தொலைபேசி ஓயாமல் அடித்த கோடை அது. ஆனால் மே மாதத்தில் என்னைக் கூப்பிட்டு என்ன பயன்? பருவமழைக்கு முன்னால், செப்டம்பரில் கூப்பிட வேண்டும்.

அப்போது செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. மாடியைப் பெருக்கி, குழாய் வாயில் வலை போடுங்கள். குழியிலிருக்கும் ஜல்லியையும் மணலையும் வெளியே அள்ளி, அலசித் திரும்பக் கொட்டுங்கள். முதல் மழை மாடி அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும். அதை மட்டும் வெளியே விட்டுவிடலாம். களிமண் பூமி என்றால் வெறும் குழி போதாது, அடியில் மணல் அடுக்கு வரை துளை இறக்க வேண்டும். வடிகட்டாமல் மழைநீரை நேராக ஆழ்துளைக் கிணற்றுக்குள் விடாதீர்கள். வண்டல் படிந்து அடைத்துக்கொள்ளும். வாஷிங் மெஷின் தண்ணீரை இந்தக் குழியில் விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

அந்தக் குடியிருப்பில் குழியைச் சுத்தம் செய்ய இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் ஆனது. கார்க்காரருக்கு வேறு இடம் ஒதுக்கத்தான் சங்கத்துக்கு இரண்டு மாதம் பிடித்தது.