பழைய மினிகணினியை ஓட வைப்பதும் அதன் பெயரைத் திரும்ப வரைவதும்

1965-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மேனார்டு என்ற சிற்றூரில், ஒரு காலத்தில் கம்பளி நெய்த ஆலைக் கட்டடத்துக்குள் இயங்கிவந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம், பிடிபி-8 என்னும் கணினியை 18,000 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய கணினிகள் லட்சக்கணக்கான டாலர் விலைபோன நாளில், தனி அறை கேட்டு அடம்பிடிக்காமல் ஆய்வுக்கூடத்து மேசைமேல் உட்கார்ந்துகொண்ட இந்த இயந்திரத்தையும் அதன் வகையறாவையும் மினிகணினி என்று அழைக்கலானார்கள். பெயரில் உள்ள பிடிபி என்ற மூன்றெழுத்துக்கு 'நிரல்வழித் தரவுச் செயலி' என்று பொருள். 1957-இல் நிறுவனத்தைத் தொடங்கிய கென் ஆல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும், கணினி என்ற சொல்லைக் கேட்டால் முதலீட்டாளர்கள் மிரளுவார்கள் என்பதால் அச்சொல்லைத் தவிர்த்தார்கள். அந்தத் தயக்கத்தின் தடம்தான் இப்பெயர்.

பிடிபி-8 குடும்பத்தில் 50,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றன. அவற்றில் எஞ்சியவற்றைத் தேடிப்பிடித்துச் சேர்ப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். நாணயமோ அஞ்சல்தலையோ சேர்ப்பதுபோல இதை அலமாரியில் அடுக்கி வைத்து மகிழ முடியாது. ஓடாத கணினி வெறும் இரும்புப் பெட்டி. ஆகவே அதை ஓட வைக்க வேண்டும். முகப்புப் பலகையில் பெயர் உதிர்ந்துபோயிருந்தால் அதையும் பழையபடி எழுத வேண்டும். முன்னது மின்னணுவியல், பின்னது வடிவியல்.

ஓட வைப்பதில் முதல் விதி, உடனே மின்சாரம் கொடுக்காதிருப்பது. பவர் சப்ளையில் உள்ள பெரிய மின்னாற்பகு மின்தேக்கிகளுக்குள் அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. மின்காப்பு வேலையைச் செய்வது அதுதான். பல்லாண்டுகள் மின்னழுத்தம் படாமல் கிடந்தால் இந்தப் படலம் நலிந்துவிடும். அந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் ஒரே வீச்சில் கொடுத்தால் மின்னோட்டம் கசிந்து, உள்ளிருக்கும் திரவம் சூடேறி, மின்தேக்கி வெடிக்கவும் கூடும். ஆகவே அதைத் தனியே கழற்றி, பெரிய மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துகிறார்கள். கசியும் மின்னோட்டமே ஆக்சைடு படலத்தை மீண்டும் வளர்க்கிறது. படலம் வளர வளரக் கசிவு குறைகிறது. பிறகு பவர் சப்ளையைத் தர்க்க அட்டைகள், அதாவது கணக்குச் செய்யும் மின்சுற்றுப் பலகைகள், எதுவும் செருகாத நிலையில், வெறும் பல்பைச் சுமையாகக் கொடுத்துச் சோதித்த பின்னரே அட்டைகள் உள்ளே போகும். பெட்டிக்குள் அதிர்வுக்காக ஒட்டிய கறுப்பு நுரைத்தாள், ஐம்பது ஆண்டுகளில் பிசுபிசுப்பான மாவாகி எல்லாவற்றிலும் அப்பியிருக்கும் என்பது தனித் துன்பம்.

அடுத்தது நினைவகம். பிடிபி-8-இன் அடிப்படை நினைவகம் 4,096 சொற்கள் கொண்டது. சொல் என்றால் இங்கே ஒரு முகவரியில் அமரும் எண்; ஒவ்வொரு சொல்லும் 12 பிட், அதாவது ஒன்று அல்லது பூச்சியம் என்ற இலக்கம் பன்னிரண்டு. ஒரு பிட்டுக்குக் காந்தமேறக்கூடிய ஒரு ஃபெரைட் வளையம் என்ற கணக்கில், கடுகு மணியளவான 49,152 வளையங்கள் கம்பிவலையில் கோக்கப்பட்டிருக்கின்றன. வளையம் வலஞ்சுழியாகக் காந்தமேறியிருந்தால் ஒன்று, இடஞ்சுழியாக இருந்தால் பூச்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வளையத்தின் வழியாகவும் கிடைக்கம்பி ஒன்றும் நெடுக்கம்பி ஒன்றும் செல்கின்றன. காந்தத்தைத் திருப்புவதற்குத் தேவையான மின்னோட்டத்தில் பாதியை ஒரு கிடைக்கம்பியிலும் மறுபாதியை ஒரு நெடுக்கம்பியிலும் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ள வளையம் மட்டுமே திரும்பும். பாதி மட்டும் பட்ட மற்ற வளையங்கள் அசையாது. படிப்பதும் இதே வழிதான்: வளையத்தைப் பூச்சியத்துக்குத் திருப்பிப் பார்ப்பார்கள், அது உண்மையிலேயே திரும்பியிருந்தால் வளையத்தின் வழியே ஓடும் இன்னொரு கம்பியான உணர்கம்பியில் ஒரு சிறு துடிப்பு எழும், முன்பு அங்கே ஒன்று இருந்தது என்று அறியலாம். ஆனால் படித்த கணமே பிட் அழிந்துவிடுகிறது. எனவே படித்ததை உடனே திரும்ப எழுதியாக வேண்டும். படிப்பும் மறுஎழுத்தும் சேர்ந்த முழுச்சுற்றுக்கு 1.5 மைக்ரோவினாடி ஆகிறது.

காந்தத்தைத் தக்கவைக்க மின்சாரம் தேவையில்லை. கடைசியாக இயந்திரத்தை அணைத்தவர் விட்டுச்சென்ற நிரல், அரை நூற்றாண்டு கழித்தும் அந்த வளையங்களில் இருக்கக்கூடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் நினைவகச் சோதனை நிரலை ஓட்டுமுன், உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துக்கொள்ள முயல்கிறார்கள்.

உள்ளே ஒன்றும் இல்லையென்றால், மனிதர் தன் விரலால் தொடங்க வேண்டியதுதான். முகப்புப் பலகையில் பன்னிரண்டு சுவிட்ச்கள் மும்மூன்றாகப் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. மூன்று சுவிட்ச்கள் சேர்ந்தால் 0 முதல் 7 வரை ஓர் இலக்கம். ஆகவே பன்னிரண்டு சுவிட்ச்களில் எட்டடி எண்முறையின் நான்கு இலக்கங்கள் அடங்கும். முதலில் 7756 என்ற முகவரியை அமைத்து, முகவரியை ஏற்றும் சுவிட்சை அழுத்த வேண்டும். பிறகு 6032 என்று அமைத்து, மதிப்பைச் சேமிக்கும் சுவிட்சைத் தூக்கினால் அந்த எண் நினைவகத்தில் அமர்ந்து, முகவரி தானாக அடுத்ததற்கு நகரும். அடுத்து 6031, அதற்கடுத்து 5357 என்று பதினாறு கட்டளைகளும் ஒரு வெற்றிடமும் உள்ளே போனால், நிரல்களைத் துளைகளாகத் தாங்கிய காகித நாடாவைப் படிக்கும் குறுநிரல் தயார்.

இந்த எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது. முதல் இலக்கம் கட்டளையின் வகை. மூன்று பிட்டில் எட்டு வகைகளே சாத்தியம் என்பதால், இந்தக் கணினிக்கு அடிப்படைக் கட்டளைகள் எட்டுதான். 6 என்றால் வெளிச்சாதனத்துடன் பேசுதல், நடுவில் உள்ள 03 டெலிடைப்பின், அதாவது நாடாவையும் படிக்கும் தட்டச்சு இயந்திரத்தின், உள்ளீட்டு எண், கடைசி 2 'எழுத்து வந்ததைக் காட்டும் கொடியைத் துடைத்து அடுத்த எழுத்தைக் கொண்டுவா' என்பது. 6031 'எழுத்து வந்துவிட்டதா, வந்திருந்தால் அடுத்த கட்டளையைத் தாண்டிச் செல்' என்று கேட்கிறது. 5357 'திரும்ப 7757-க்குப் போ' என்கிறது, அதாவது இன்னும் வராவிட்டால் மறுபடி கேள். டெலிடைப் வினாடிக்குப் பத்து எழுத்துகளையே தரும். வினாடிக்கு லட்சக்கணக்கான கட்டளைகளை முடிக்கும் கணினி அதன் வாசலில் இந்த இரண்டு வரிகளைச் சுற்றிச்சுற்றிக் காத்துக்கிடக்கும். ஒரு சொல்லுக்கு முகவரிக்கு இரண்டும் மதிப்புக்கு இரண்டுமாக நான்கு வரிசைத் துளைகள் வேண்டும் என்பதால், முழு நினைவகத்தையும் இவ்வழியில் நிரப்ப 27 நிமிடங்கள் பிடிக்கும். எனவே இக்குறுநிரலைக் கொண்டு, முகவரியை ஒவ்வொரு சொல்லுக்கும் திரும்பச் சொல்லத் தேவையில்லாத சற்றே பெரிய ஏற்றியை உள்ளே கொண்டுவந்து, மற்றதையெல்லாம் அதனிடம் ஒப்படைப்பார்கள்.

இனி முகப்புக்கு வருவோம். டிஜிட்டல் நிறுவனத்தின் இலச்சினை, பெயரின் ஏழு ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஏழு தனிக் கட்டங்களில் நிறுத்தியது: கட்டம் நிறத்தில், எழுத்து வெள்ளையில். 1993 வரை நீலமாக இருந்த கட்டங்கள் பின்னர் செம்மரூன் ஆயின. சேகரிப்பவர்கள் ஒரு பொருளின் காலத்தை மதிப்பிட இந்நிறமே ஒரு துப்பு. முகப்புப் பலகைகளில் மை பெரும்பாலும் பின்புறத்தில் பூசப்பட்டிருக்கும். காலப்போக்கில் அது செதிலாக உதிரும்போது இலச்சினையும் சேர்ந்து போகிறது. அதை மறுபடி அச்சிட, எழுத்தின் வடிவம் கணினிக்குப் புரியும் வகையில் வேண்டும்.

எழுத்துரு மாற்றம் என்றவுடன் தமிழ் வாசகருக்குப் பாமினியிலிருந்தோ டிஸ்கியிலிருந்தோ யூனிகோடுக்குப் போவதே நினைவுக்கு வரும். அது எந்த எண் எந்த எழுத்து என்ற குறியீட்டின் மாற்றம். இங்கே பேசுவது எழுத்தின் உருவத்தையே ஒரு வகைக் கணக்கிலிருந்து இன்னொரு வகைக் கணக்குக்குக் கொண்டுபோவதை.

இலச்சினையின் முதல் எழுத்து ஒரு வட்ட வயிறும் அதன் வலப்புறம் நிமிர்ந்த ஒரு தண்டும் கொண்டது. வருடியில் எடுத்த படத்தை மென்பொருளிடம் கொடுத்துத் தானாக ஓரம் வரையச் சொன்னால், மை பரவிய இடம், தாளின் நார், தூசி என எல்லாவற்றையும் மதித்து நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கொட்டும். பழகிய கை, வயிற்றின் உச்சி, அடி, இட ஓரம், வல ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் புள்ளி வைக்கும். உள்வட்டத்துக்கு நான்கு, வெளிவட்டத்துக்கு நான்கு, தண்டின் மூலைகள் என்று பதினைந்துக்குள் எழுத்து முடிந்துவிடும். தானியங்கி முறையை நான் தொடக்க வரைவுக்குக்கூடப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அந்தப் புள்ளிகளைக் களைவதற்கு ஆகும் நேரத்தில் எழுத்தை இரண்டு முறை வரைந்துவிடலாம்.

புள்ளிகளுக்கிடையே ஓடுவது பெசியர் வளைவு. ரெனால்ட் கார் நிறுவனத்துப் பொறியாளர் பியர் பெசியரின் பெயர் பெற்ற இவ்வளைவில் இரண்டு முனைப்புள்ளிகள் உண்டு. இடையே வளைவைத் தம் பக்கம் இழுக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உண்டு. அடோபியின் டைப்-1 எழுத்துருவில் ஒரு துண்டுக்கு இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள், அதாவது மூன்றாம் படி வளைவு. 1991-இல் ஆப்பிள் கொண்டுவந்த ட்ரூடைப்பில் ஒன்றே, அதாவது இரண்டாம் படி வளைவு. இரண்டாம் படியிலிருந்து மூன்றாம் படிக்கு மாற்றுவது பிசகே இல்லாத வேலை: ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒற்றைக் கட்டுப்பாட்டுப் புள்ளியை நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் சென்று புதிய புள்ளிகளை வைத்தால் அதே வளைவு அப்படியே கிடைக்கும். எதிர்த்திசையில் அப்படி இல்லை, தோராயமே சாத்தியம்.

அந்தத் தோராயம் எவ்வளவு என்பதை முதல் எழுத்தின் வயிற்றில் அளந்து பார்க்கலாம். ஆரம் 250 அலகு என்று கொள்வோம். கால்வட்டத்தை ஒரே மூன்றாம் படி வளைவால் வரைந்தால் பிழை ஆரத்தில் 0.027 சதவீதம், அதாவது ஓர் அலகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே கால்வட்டத்தை ஒரே இரண்டாம் படி வளைவால் வரைந்தால், நடுவில் 6 சதவீதம், அதாவது 15 அலகு வெளியே புடைத்து, வட்டம் வட்டமாகத் தெரியாது. கால்வட்டத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு வளைவுகளால் வரைந்தால் பிழை 0.31 சதவீதத்துக்கு இறங்கும். ஓர் அலகுக்கும் குறைவு. மாற்றும் மென்பொருள்கள் செய்வது இதைத்தான்: பிழை சொன்ன எல்லைக்குள் அடங்கும்வரை வளைவை வெட்டிக்கொண்டே போகும்.

அளவுகோலும் மாறுகிறது. டைப்-1 எழுத்தின் உயரச் சதுரத்தை வழக்கமாக 1,000 அலகாகப் பிரிக்கும், ட்ரூடைப் பெரும்பாலும் 2,048-ஆக. எண்கள் முழு எண்களாகவே இருக்க வேண்டும் என்பதால் மாற்றும்போது முழுமையாக்கல் நிகழும். நுண்ணிய வலைக்குப் போய்த் திரும்பினால் பழைய எண்ணே கிடைக்கும். ஆனால் 2,048-இலிருந்து 1,000-க்கு இறங்கும்போது அருகருகே இருந்த இரு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிடலாம். பழைய டைப்-1 கோப்புகள் கையில் வைத்திருப்பவர்களுக்கு இம்மாற்றம் கட்டாயமாகிவிட்டது, ஏனெனில் அடோபி தன் மென்பொருள்களில் அவ்வடிவத்துக்கான ஆதரவை 2023 ஜனவரியில் நிறுத்திக்கொண்டது.

வேடிக்கையான பிழை சுழல்திசையில் நேர்கிறது. ஓர் இடம் மையால் நிரம்ப வேண்டுமா என்பதை, அதைச் சுற்றி ஓரங்கள் எத்தனை முறை எந்தத் திசையில் சுற்றுகின்றன என்று கூட்டிப் பார்த்துத் தீர்மானிக்கிறார்கள். கூட்டல் பூச்சியமானால் வெற்றிடம். டிஜிட்டல் இலச்சினைக் கட்டத்தை ஒரே எழுத்துருவாக வரைந்தால் மூன்று அடுக்கு உண்டு. கட்டம் வலஞ்சுழி, எனவே கூட்டல் ஒன்று, நிறம் விழும். எழுத்தின் வெளிஓரம் இடஞ்சுழி, கூட்டல் பூச்சியம், வெள்ளை தெரியும். எழுத்தின் வயிற்றுக்குள்ளிருக்கும் ஓரம் மறுபடி வலஞ்சுழி, நிறம் திரும்பும். ட்ரூடைப்பில் வெளிஓரம் வலஞ்சுழி, டைப்-1-இல் இடஞ்சுழி. மாற்றும்போது மூன்றையும் சேர்த்துத் திருப்பினால் கேடில்லை. வெளிக்கட்டத்தை மட்டும் திருப்பிவிட்டு மற்றவற்றை மறந்தால் எங்கும் கூட்டல் பூச்சியமாகாது; எழுத்து வயிற்றோடு சேர்ந்து முழுதும் மையில் மூழ்கி, வெறும் நிறக் கட்டம் மட்டுமே மிஞ்சும்.

ஏழு கட்டங்களில் வெவ்வேறான எழுத்துகள் ஆறே. முழு அகரவரிசை வேண்டுமென்று கேட்பவர்களுக்கு மற்ற இருபதையும் யாராவது புதிதாக வரைய வேண்டும். முதல் எழுத்தைத் தலைகீழாகத் திருப்பியும் கண்ணாடியில் பார்த்தும் சிலவற்றைப் பெறலாம். எஸ், கே, டபிள்யூ போன்றவற்றுக்கு இலச்சினையில் எந்த முன்மாதிரியும் இல்லை; அவற்றை மீட்பு என்று சொல்வது நேர்மையாகாது, அவை புதுப்படைப்பு.

வடிவம் கைக்கு வந்த பின் அச்சிடும் வேலை. பலகையின் பின்புறத்தில் அச்சிடுவதால் படச்சுருள் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக, முன்னிருந்து பார்ப்பவருக்கு மேலே தெரியும் வெள்ளை எழுத்தை முதலில் பூசி, அது காய்ந்த பிறகு கட்டத்தின் நிறத்தையும், கடைசியில் பின்னணியையும் பூச வேண்டும். விளக்குகளுக்கான சிறு சன்னல்களை மட்டும் எந்த மையும் தொடக்கூடாது.