போனில் எல்லாம் வருகிறது, உங்கள் வார்டைத் தவிர

வாட்ஸ்அப்பில் மறுபடியும் அந்த 'சேலஞ்ச் ஓட்டு' மெசேஜ். இந்த முறை அனுப்பியவர் தண்டையார்பேட்டையில் எனக்கு நன்றாகத் தெரிந்த, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி சேலஞ்ச் ஓட்டு போடலாமாம். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். கடைசி வரி வழக்கம்போல, 'பத்து பேருக்காவது அனுப்பவும்'.

"சார், இது பொய்" என்றேன். "இருக்கட்டும்பா, நாலு பேருக்கு உபயோகப்படுமே" என்றார். பொய் எப்படி உபயோகப்படும் என்று அவரிடம் கேட்க முடியுமா?

பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை. கையில் எந்த அட்டை இருந்தாலும் இல்லை. சேலஞ்ச் என்பது பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி 'இவர் அந்த ஆள் இல்லை' என்று ஆட்சேபிப்பது. வாக்காளர் போடுகிற ஓட்டு அல்ல. உங்கள் பெயரில் வேறு யாராவது போட்டுவிட்டுப் போயிருந்தால்தான் டெண்டர் ஓட்டு, அதுவும் மெஷினில் இல்லை, சீட்டில். 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் கிடையாது.

சரி, பொய்களைக்கூட மறுத்துவிடலாம். எனக்கு எரிச்சல் வருவது வேறு ஒரு பேச்சில். "எல்லாம்தான் போன்லயே வருதே, இனிமே நியூஸ்பேப்பர் எதுக்கு?"

வட சென்னையில் மாநகராட்சிச் செய்திகள் எழுதுகிறவன் என்ற முறையில் கேட்கிறேன். என்ன வருகிறது போனில்? டெல்லி வருகிறது. தலைவர்களின் பேச்சு முன்னும் பின்னும் வெட்டப்பட்டு வருகிறது. கவுன்சிலரின் ரீல்ஸும் வருகிறது: பூமி பூஜை, மாலை, பின்னணியில் பாட்டு. அது செய்தி இல்லை, விளம்பரம். பூஜை போட்ட வேலை முடிந்ததா, எத்தனை லட்சத்துக்கு டெண்டர், யார் எடுத்தார்கள் என்று அந்த ரீல்ஸ் சொல்லாது. அதை மண்டலக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்டு எழுத ஓர் ஆள் வேண்டும். முன்பெல்லாம் பின்வரிசையில் நாலைந்து நிருபர்கள் இருப்போம். இப்போது பல கூட்டங்களில் நான் மட்டும்தான். பக்கங்கள் குறைந்தன, ஸ்ட்ரிங்கர்கள் எனப்படும் பகுதிநேர நிருபர்களுக்கு வரிக்கணக்கில் கிடைத்த காசும் நின்றது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு தெருவில் மழைநீர் வடிகால் வேலை பாதியில் நின்றது. பள்ளத்தின் குறுக்கே பலகை போட்டுத்தான் வீட்டுக்குள் போனார்கள். எதிர்க்கட்சிக்காரர்தான் புகார் கொடுத்து நிறுத்தினார் என்று ஒரு வாய்ஸ் நோட் தெரு முழுக்கச் சுற்றியது. நான் போய் விசாரித்தால், வடிகால் போகும் வழியில் மின்கேபிள். அதை மாற்ற வேண்டிய கோப்பு இரண்டு துறைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது. புகார் என்று ஒன்று கொடுக்கப்படவே இல்லை. நான் எழுதிக் கொடுத்தது இடமில்லாமல் நான்கு வரியாகச் சுருங்கி வந்தது. வாய்ஸ் நோட் சுருங்கவில்லை. அந்தத் தெரு யார்மேல் கோபத்தோடு ஓட்டுப் போடப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

தெருவைப் பற்றிய தகவல் இல்லாதபோது மனிதர் கட்சிக் கொடியைப் பார்த்து முடிவெடுக்கிறார். அமெரிக்காவில் உள்ளூர்ப் பத்திரிகைகள் மூடப்பட்ட ஊர்களை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: ஒரே தேர்தலில் ஒரு பதவிக்கு ஒரு கட்சி, இன்னொரு பதவிக்கு வேறு கட்சி என்று ஆளைப் பார்த்துப் போடுவது அங்கே குறைந்தது.

நம் பக்கம் கேமராக்கள் வருவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017-இல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் பணப்பட்டுவாடா புகாரில் ரத்தானபோது வந்து குவிந்தன. குழாயில் கழிவுநீர் கலந்து வருகிறது என்று அதே தொகுதிப் பெண்கள் குடத்தோடு நிற்கும் நாட்களில் ஒரு வண்டியைக் காணோம். 2016-க்குப் பிறகு 2022 பிப்ரவரித் தேர்தல் வரை மாநகராட்சியில் கவுன்சிலரே இல்லை. அதற்காக வருத்தப்பட்ட ஃபார்வர்டு ஒன்றுகூட எனக்கு வந்ததில்லை.

போனைக் குறைசொல்வது என் நோக்கம் இல்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததை மீனவர்களின் வீடியோக்கள்தான் ஊருக்குக் காட்டின. ஆனால் நிவாரணம் யாருக்குக் கிடைத்தது, யார் பெயர் விடுபட்டது என்று பிறகு தேடிப்போவது வைரல் ஆகிற வேலை இல்லை. அதற்கு மெனக்கெட ஆள் வேண்டும்.

முதலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள், இன்றைக்கே. 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 'போன தடவை போட்டேனே' என்பது பதில் ஆகாது. சந்தேகம் இருந்தால் வாக்காளர் உதவி எண் 1950-க்கு அடியுங்கள். சட்டமன்ற, மக்களவை வேட்பாளர்களின் சொத்தும் வழக்குகளும் அவர்களே கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தில் இருக்கின்றன. தேர்தல் ஆணையத் தளத்தில் யாரும் பார்க்கலாம். யூடியூப் விவாதத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு இதற்குப் பத்து நிமிடம் கிடைக்காதா? வாய்ஸ் நோட் வந்தால் யார் பேசுவது, எந்தத் தெரு, எந்தத் தேதி என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் சரி, மாமனாராக இருந்தாலும் சரி.

குரூப் அட்மின்களே, உங்களிடம் மட்டும் ஒரு கெஞ்சல். வார்டு மக்கள் கவுன்சிலரிடம் குறைகளைச் சொல்லும் ஏரியா சபை நடக்கும்போது உங்களில் ஒருவர் போங்கள். யார் என்ன கேட்டார், கவுன்சிலர் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதிக்குள் முடிப்பதாகச் சொன்னார் என்று ஐந்து வரி எழுதி குரூப்பில் போடுங்கள். எனக்கும் அனுப்புங்கள், அந்தத் தேதி வரும்போது மண்டல அலுவலகத்தில் நான் போய்க் கேட்கிறேன்.