ஆடியோகிராம் நார்மல்தான், ஆனால்...

ரயில் சத்தம் 'பழகிடுச்சு' என்று சொல்பவர்களில், இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். ரயில் பாதையை ஒட்டிய வீடு; படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் தண்டவாளம். ஆடியோகிராம் (காது கேட்கும் திறனைப் பார்க்கும் சோதனை) எடுத்தோம், நார்மல். "அப்ப சத்தத்தால எனக்கு ஒண்ணும் ஆகலை. பதினோரு வருஷமாச்சு, பழகிடுச்சு டாக்டர்" என்று சிரித்தார். பிபி 152/96.

எத்தனை பேருக்குத்தான் சொல்வது? ஆடியோகிராம் காட்டுவது கேட்கும் திறனை மட்டும்தான். தொடர் சத்தத்தால் அது கெட, பொதுவாக தினம் எட்டு மணி நேரம், 85 டெசிபலைத் தாண்டி, வருடக்கணக்கில் கேட்க வேண்டும்; அதைவிடப் பலமான சத்தம் என்றால் குறைந்த நேரமே போதும். தூக்கம் கெட அவ்வளவு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவுக்குத் தந்த வழிகாட்டுதலில், இரவு நேர ரயில் சத்தம் வீட்டுக்கு வெளியே சராசரியாக 44 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது.

பழகுவது மனசு, உடம்பு அந்த அளவுக்குப் பழகுவதில்லை. வண்டி போகும்போது நீங்கள் விழிக்காமல் இருக்கலாம். நாடி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், ஆழ்ந்த தூக்கம் மேலோட்டமாகும். காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. அதைத்தான் 'பழகிடுச்சு' என்கிறீர்கள். இவரிடம் கையில் கட்டும் வாட்ச் இருந்தது. இரவு நாடித்துடிப்பைப் பார்க்கச் சொன்னேன். அடுத்த வாரம் மொபைலை நீட்டினார்: சரக்கு வண்டி போன ஒவ்வொரு நேரத்திலும் கோடு மேலே குத்தி நின்றது. சிரிப்பைக் காணோம். (பிபிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை. உப்பும் எடையும் தனிக் கதை.)

படுக்கையைப் பாதைக்கு எதிர்ப்பக்க அறைக்கு மாற்றுங்கள். ஜன்னல் இடுக்குகளை அடைத்துவிடுங்கள். தடித்த திரைச்சீலை சத்தத்தைப் பெரிதாக நிறுத்தாது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டாதீர்கள், அதில் பயனில்லை. நுரை இயர் பிளக்கை மெல்லிசாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் பிடித்திருங்கள். காதில் சீழ் வடிந்தால் அதுவும் வேண்டாம். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது.

இன்னொன்று, தயவுசெய்து. ரயில்வேக்குப் புகார் எழுதும்போது 'சத்தம் தாங்கலை' என்று மட்டும் எழுதாதீர்கள். வளைவில் கிறீச்சிட்டால் அதற்கு மசகு போட வழி உண்டு. தட்-தட் என்று ஒரே தாளத்தில் அடித்தால், அந்த வண்டியின் சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகியிருக்கலாம், கடைந்து சரிசெய்வார்கள். எந்த வண்டியானாலும் அதே இடத்தில் உறுமினால் தண்டவாளத்தைத் தேய்க்க வேண்டியிருக்கும். எது, எத்தனை மணிக்கு, எந்தத் திசை வண்டி என்று இரண்டு வாரம் குறித்து, அதையும் சேர்த்துக் கொடுங்கள்.