ஷூகேஸ்: நிலநோக்கிசை

ஷூ என்றால் காலணி. கேஸ் என்றால் உற்று நோக்குவது. தமிழில் எழுதினால் செருப்பு வைக்கும் பெட்டி என்று படிக்கத் தோன்றும். கடைசி எழுத்தை வண்டின் ரீங்காரம்போல் அதிர்த்து ஒலிக்க வேண்டும். 1980களின் இறுதியில் பிரிட்டனில் தழைத்த ஒரு கிட்டார் இசைக்கு இது பெயர்.

கேலிக்காரர்கள் வைத்த பெயர் இது. லண்டனின் மூஸ் குழுவில் பாடிய ரஸ்ஸல் யேட்ஸ், பாட்டு வரிகளை மேடைத் தரையில் ஒட்டிவைத்துக் குனிந்து பார்த்தபடி பாடினார். அதைச் ‘சவுண்ட்ஸ்’ வார இதழின் விமர்சனம் குத்திக்காட்டியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் தோற்றக் கதை. ‘மெலடி மேக்கர்’ இதழோ இவர்களைத் ‘தன்னைத்தானே கொண்டாடும் கூட்டம்’ என்றது. ஒரு குழு வாசித்தால் மற்றக் குழுக்காரர்கள் வந்து நின்று கேட்பார்களாம். இதில் என்ன குற்றம்? அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஏக்கம் தருவதே அந்தக் கூட்டாளித்தனம்தான்.

குனிந்ததற்கு முதற்காரணம் காலடியில் இருந்தது. ஒலியைக் கரகரப்பாக்க, எதிரொலிக்க, நீட்ட என்று தரை முழுக்க பெடல்கள். எதை எப்போது மிதிப்பது என்று பார்க்காமல் வாசிக்க முடியாது. மை பிளடி வேலன்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ், சுருதியை அசைக்கும் கிட்டாரின் ட்ரெமலோ தண்டைக் கைக்குள் பிடித்தபடியே தந்திகளை மீட்டுவார். சுருதி ஓரிடத்தில் நிற்காமல் மெல்லச் சரிந்து ஏறும். 1991 நவம்பரில் வந்த ‘லவ்லெஸ்’ தொகுப்பில் அதைக் கேட்கலாம். குரல்கள் முன்னால் வந்து நிற்பதில்லை. கிட்டார்களின் இரைச்சலுக்குள் இன்னொரு வாத்தியமாகக் கரைகின்றன. சொற்கள் பாதிதான் புரியும். புரியாத பாதியைக் கேட்பவர் தன் நினைவுகளால் நிரப்பிக்கொள்கிறார். முப்பது ஆண்டுக்குப் பிறகும் இந்தப் பாடல்கள் பழைய நாட்களை இழுத்து வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் முரட்டு ராக் இசையான கிரஞ்சும், பிரிட்டனின் பாப் கலந்த ராக் இசையான பிரிட்பாப்பும் வந்ததும் இந்த அலை அடங்கியது. 1995இல் மூன்றாம் தொகுப்பு வெளிவந்தபின் இதே இசையை வாசித்த ஸ்லோடைவ் குழுவை அதன் இசைத்தட்டு நிறுவனம் கைவிட்டது. 2014இல் அவர்கள் மீண்டும் சேர்ந்தார்கள். 2017இல் புதுத் தொகுப்பு தந்தார்கள். அன்றைய வசைச்சொல்லை இன்றைய இளங்குழுக்கள் தாமே விரும்பிச் சூட்டிக்கொள்கின்றன.

தமிழில் என்ன சொல்வது? ‘காலணி வெறிப்பு’ என்றால் கேலி மட்டும் மிஞ்சும். ‘குனிபார்வை’ முதுகுவலியை நினைவூட்டுகிறது. நமக்கோ அழகான சொல் கையிலேயே இருக்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில் ‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும்’ என்கிறார் வள்ளுவர். நான் பார்க்கும்போது அவள் நிலத்தைப் பார்க்கிறாள் என்று காதலன் சொல்கிறான். காதலி தரையைப் பார்ப்பது நாணத்தால், அலட்சியத்தால் அன்று. கூட்டத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூசிய அந்த இளைஞர்களுக்கும் அது பொருந்தும். எனவே நிலநோக்கிசை. முதல்முறை எழுதும்போது மட்டும் ஷூகேஸ் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்துக்காட்டு: ஸ்லோடைவ், இங்கிலாந்தின் ரெடிங் நகரில் 1989இல் தொடங்கிய நிலநோக்கிசைக் குழு.