சொல் விளக்கம்: நெட்வொர்க்கிங்

ஒரே துறையில் இருப்பவர்கள், அல்லது ஒருவர் வேலை இன்னொருவருக்குப் பயன்படக்கூடியவர்கள், தங்களுக்குள் தொடர்பை உண்டாக்கி அதை விடாமல் காப்பதற்கு 'நெட்வொர்க்கிங்' என்று பெயர். அகராதிக்கு இந்த வரையறை போதும். ஆனால் உள்ளூர்ப் பொருளாதார மேம்பாட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் போதாது. அவர்களுக்கு இந்தச் சொல்லில் கற்பதும் அடங்கியிருக்கிறது. தமிழில் இதற்கு என்ன சொல் வைப்பது என்று தேடும்போது கற்றல் என்ற அந்தப் பகுதிதான் கைவிட்டுப் போகிறது. அதனால் சொல்லைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

ஆங்கிலத்தில் 'நெட்' என்றால் வலை, 'வொர்க்' என்றால் வேலைப்பாடு. நூலையோ கம்பியையோ வலைபோலப் பின்னிய வேலைப்பாடுதான் முதலில் 'நெட்வொர்க்'. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், யாத்திராகமம் 27ஆம் அதிகாரத்தில், பலிபீடத்துக்குச் செய்யும் வெண்கலச் சல்லடையைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. 1755இல் வெளியான தன் அகராதியில் சாமுவேல் ஜான்சன் இதற்குக் கொடுத்த விளக்கம், சொல்லைவிடக் கடினமானது என்பதற்காகவே பேர்பெற்றது. சம தூரங்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, பின்னல்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களுக்கு நடுவே இடைவெளி விட்டது எதுவோ அது என்பது அதன் சாரம். இழைகளோடு நிற்காமல் இடைவெளியையும் அவர் சொன்னது முக்கியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் இந்தச் சொல் பரவியது.

மனிதர்களுக்கு இதை ஓர் ஆய்வுச் சொல்லாகப் பயன்படுத்தியவர் ஜான் பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர். நார்வேயில் பிரெம்னெஸ் என்ற தீவுப் பகுதியில், மீன்பிடித்தும் பயிரிட்டும் வாழ்ந்த மக்களிடையே தங்கி ஆய்வு செய்து, 1954இல் கட்டுரை வெளியிட்டார். அங்கே யார் யாருக்குச் சொந்தம், யார் யாருக்கு அண்டை வீட்டார், யார் யாருக்குப் பழக்கம் என்பதெல்லாம் எந்தச் சங்கத்துக்குள்ளும் அடங்கவில்லை. புள்ளிகள் வைத்து, அவற்றில் சிலவற்றைக் கோடுகளால் இணைத்த படமாக அவர் அதைக் கண்டார். முதலில் 'வெப்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார். அதைக் கேட்டால் பலருக்குத் தட்டையான சிலந்தி வலைதான் மனதில் வருகிறது என்று கண்டு, அதை விட்டுவிட்டு 'நெட்வொர்க்' என்பதை எடுத்துக்கொண்டார். தமிழில் சிலந்தி பின்னுவதும் வலை, மீனவர் வீசுவதும் வலை. அவர் பார்த்த வேற்றுமை நம் சொல்லில் இல்லை.

பிறகு 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரை, வேலை தேடுகிறவர்கள் மத்தியில்கூட இந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டாக்கியது. அமெரிக்காவின் பாஸ்டன் அருகே வேலை மாறியவர்களிடம், புது வேலை எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8 விழுக்காடு. காரணம் லேசானதுதான். தினமும் பேசுகிற நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். புதுச் செய்தி கொண்டுவருபவர் வேறு வட்டத்தில் இருப்பவர்.

சரி, உள்ளூர்ப் பொருளாதார மேம்பாட்டுக்கு வருவோம். ஓர் ஊரின் அல்லது வட்டாரத்தின் தொழில், வேலைவாய்ப்பு, திறன், நிலம், கடன் வசதி ஆகியவற்றை அங்கே இருப்பவர்களே கூடித் திட்டமிட்டு உயர்த்துவது இந்தப் பணி. 'வளர்ச்சி' என்று சொல்லாமல் 'மேம்பாடு' என்று சொல்வதே நல்லது என்பது என் கருத்து. உற்பத்தி கூடினாலே வளர்ச்சி என்று சொல்லிவிடலாம். அந்த ஊர்க்காரர்களின் நிலை உயர்ந்தால்தான் அது மேம்பாடு.

இந்தப் பணியில் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். காலையில் இடம் பற்றாமல் வேறு ஊருக்குப் போக நினைக்கும் பட்டறைக்காரரிடம் பேச வேண்டும். மதியம் வங்கி. மாலையில் பயிற்சி நிலையத்தில், அங்கே கற்றுத்தருவதும் தொழிற்கூடங்கள் கேட்பதும் ஏன் பொருந்தவில்லை என்ற விசாரணை. பல அலுவலகங்களில் இந்த வேலைக்கு இருப்பவர் ஒரே ஒருவர்தான். பக்கத்து மேசையில் இதே வேலை பார்ப்பவர் இல்லை. சந்தேகம் கேட்க ஆள் இல்லை.

ஜான்சன் சொன்ன இடைவெளி இங்கேதான் உயிர் பெறுகிறது. ரொனால்ட் பர்ட் என்ற சமூகவியலாளர் 1992இல் எழுதிய நூலில், ஒன்றோடொன்று பேசாத இரண்டு வட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காட்டினார். அதில் நிற்பவருக்கு இரு பக்கத்துச் செய்தியும் வந்து சேரும். உள்ளூர்ப் பொருளாதாரப் பணியாளர் நிற்கும் இடம் அதுதான். வங்கிக்குப் பட்டறையின் கஷ்டம் தெரியாது, பட்டறைக்கு வங்கியின் விதி தெரியாது, இரண்டுக்கும் பயிற்சி நிலையத்தைத் தெரியாது. ஆக, மற்றத் துறைகளில் தொடர்பு என்பது வேலைக்கு உதவும் ஒரு வசதி. இந்தத் துறையில் தொடர்பை உண்டாக்குவதே வேலை.

ஆனால் அது ஊருக்குள் உள்ள தொடர்பு. ஊருக்கு வெளியே, இதே வேலையை வேறு இடத்தில் செய்பவரோடு வைக்கும் தொடர்பு இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்வதால்தான் குழப்பம். முதல் தொடர்பால் பட்டறைக்குக் கடன் கிடைக்கலாம், பயிற்சி பெற்றவருக்கு வேலை கிடைக்கலாம். இரண்டாவதால் பணியாளருக்கே அறிவு கிடைக்கிறது. நான் இங்கே சொல் தேடுவது இரண்டாவதற்கு.

அந்த அறிவு எப்படிப்பட்டது? சிறு உற்பத்தியாளர்கள் சேர்ந்து பயன்படுத்த ஓர் இயந்திர மையம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். வேறோர் ஊரின் அறிக்கையை எடுத்துப் படித்தால் கட்டடத்தின் பரப்பு, இயந்திரங்களின் பட்டியல், செலவு, திறப்பு விழா நாள் எல்லாம் இருக்கும். அதைச் செய்தவரிடம் தொலைபேசியில் பேசினால் வேறு கதை வரும். முதல் பழுது வந்தபோது யார் காசு கொடுப்பது என்று முன்பே பேசிவைக்கவில்லை. இயந்திரம் மாதக்கணக்கில் துணி போர்த்திக் கிடந்தது. பெரிய உற்பத்தியாளர் இருவர் காலை நேரம் முழுவதையும் தங்களுக்கே பதிவு செய்துகொண்டார்கள், சின்னவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் நேரப் பங்கீட்டு விதியை மாற்றிப் பராமரிப்புக்கென்று தனிக் கட்டணம் வைத்த பிறகே மையம் ஓடியது. இப்படிப்பட்ட விவரம் அறிக்கையில் ஏறாது. கேட்பவர் நம்பிக்கைக்குரியவராக இருந்தால்தான் வாய்ப்பேச்சிலும் வரும்.

தொழில் நுணுக்கம் காற்றில் கலந்திருக்கிறது என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இலேயே எழுதினார். ஒரே தொழில் ஓர் இடத்தில் குவியும்போது அதன் ரகசியங்கள் ரகசியமாக இருப்பதில்லை, பிள்ளைகள்கூடத் தங்களை அறியாமல் அவற்றைக் கற்றுவிடுகிறார்கள் என்பது அவர் கண்டது. உள்ளூர்ப் பொருளாதாரத்தைப் படிக்கிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தைத் தொட்டுத்தான் போவார்கள். ஆனால் அந்தத் தொழிலை வளர்க்கப் பாடுபடும் பணியாளருக்கு அப்படி ஒரு காற்று இல்லை, ஏனென்றால் அவருடைய சகாக்கள் வேறு வேறு ஊர்களில் சிதறிக் கிடக்கிறார்கள். அந்தக் காற்றை அவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்படிக் கூடிக் கற்பதை விளக்கியவர்களில் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் இருவரையும் சொல்லியாக வேண்டும். 1991இல் வந்த அவர்களுடைய நூலில் லைபீரியாவின் தையற்காரர்கள் வருகிறார்கள். லேவ் அவர்களிடையே ஆய்வு செய்தவர். புதிதாகச் சேரும் பையன் துணி வெட்டுவதில் தொடங்குவதில்லை. பொத்தான் தைப்பான், ஓரம் மடித்து அடிப்பான். அதாவது முடிவு வேலை முதலில். பிறகு துண்டுகளைச் சேர்த்துத் தைப்பான். வெட்டுவது கடைசியில். பொத்தான் தைக்கும்போதே முழு ஆடை எப்படி இருக்க வேண்டும் என்று அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது, தப்பினாலும் துணி வீணாவதில்லை. ஒரே வேலையில் ஈடுபட்டு, சேர்ந்திருப்பதால் கற்கும் இத்தகைய கூட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் இன்று 'கம்யூனிட்டி ஆஃப் பிராக்டிஸ்' என்று பல அலுவலகங்களில் வழங்குகிறது. நகல் இயந்திரம் பழுதுபார்ப்பவர்களை ஆராய்ந்த ஜூலியன் ஓர் கண்டதும் இதற்குத் துணை. கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் தீர்த்தது, கூடி உட்கார்ந்திருக்கையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழுதுக் கதைகளால்.

இந்தத் துறைக்கென்றே அமைப்புகளும் உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் மேம்பாட்டு அமைப்பு 1982இல் உள்ளூர் வேலைவாய்ப்புக்கும் மேம்பாட்டுக்கும் ஒரு தனித் திட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் இரண்டு பழைய சங்கங்கள் 2001இல் ஒன்றாகி, பன்னாட்டுப் பொருளாதார மேம்பாட்டு மன்றம் பிறந்தது. அந்த மன்றம் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. சங்கத்தில் சேர்ந்தாலே தொடர்பு வந்துவிடாது, ஆனால் முதல் தொலைபேசி எண் அங்கேதான் கிடைக்கிறது.

இனித் தமிழ்ச் சொல். கணினித் துறையில் 'வலையமைப்பு', 'பிணையம்' இரண்டும் நன்றாக வேரூன்றிவிட்டன. கருவிகளுக்கு அவை பொருந்தும். மனிதர்களுக்கு, அதிலும் இந்தத் துறைக்கு, இரண்டிலும் தடங்கல் இருக்கிறது. 'பிணையம்' என்றால் கடனுக்கு ஈடாக வைப்பது என்ற பொருள் ஏற்கெனவே உண்டு. கடனைப் பற்றித் தினமும் பேசும் பணியாளர் 'பிணையம் உண்டாக்கினோம்' என்று எழுதினால், படிப்பவர் எந்தச் சொத்தை அடகு வைத்தார்கள் என்றுதான் கேட்பார். 'வலை' வேறு விதமாகத் தடுக்கும். வலை விரித்தான், வலையில் விழுந்தான், வலைவீசித் தேடினார்கள் என்று மனிதர்களோடு சேரும் இடமெல்லாம் அதில் பிடிக்கிற எண்ணம் வந்துவிடுகிறது. 'மாநாட்டில் வலையமைத்தேன்' என்றால் நல்ல காரியம் மாதிரித் தோன்றாது. அமைப்பாகச் சொல்லும்போது 'தொடர்பு வலைப்பின்னல்' என்று எழுதலாம், குற்றமில்லை. செயலுக்கு அது வேண்டாம்.

'தொடர்பு' பழைய சொல். 'தொடர்' என்பதற்குச் சங்க இலக்கியத்தில் சங்கிலி என்றும் பொருள் உண்டு. புறநானூற்றின் 74ஆம் பாட்டில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய் 'தொடர்ப்படு ஞமலி'. வளையம் வளையமாகக் கோத்தது தொடர். புள்ளியும் கோடும் என்று பார்ன்ஸ் சொன்னதற்கு இது தூரமில்லை.

கற்றலைச் சேர்க்க 'பயில்' இருக்கிறது. பயில் என்றால் கற்பது, திரும்பத் திரும்பச் செய்து கைவரப்பெறுவது, கூடிப் பழகுவது. மூன்றும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. 783ஆம் குறளில் 'பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு' என்று இரண்டு சொல்லும் சேர்ந்தே வருகின்றன. அங்கே பயில்வது பழகுவது. பேச்சு வழக்கில் இதே வேலையைப் 'பழகு' செய்கிறது. வண்டி ஓட்டப் பழகுகிறோம், மனிதரோடும் பழகுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்களைச் சேர்த்துச் சொல்ல வேண்டியதைத் தமிழ் ஒரே வினையில் வைத்திருக்கிறது என்பதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. எனவே கற்பதற்காக வளர்க்கும் தொடர்பைப் 'பயில்தொடர்பு' என்று சொல்லலாம் என்பது என் பரிந்துரை. அப்படிக் கூடிக் கற்பவர்களைப் 'பயில்குழு' எனலாம். ஊருக்குள் வங்கியையும் பட்டறையையும் இணைக்கும் வேலைக்குத் 'தொடர்பிணைப்பு' போதும். சாதாரணப் பேச்சில் 'பழக்கம் வைத்துக்கொள்வது' என்றாலே எல்லோருக்கும் புரியும்.

முன்னொட்டில் ஓர் எச்சரிக்கை. 'புரொஃபெஷனல்' என்பதைப் பலர் 'தொழில்முறை', 'தொழில்சார்' என்று எழுதுகிறார்கள். மற்ற இடங்களில் சரி. இந்தத் துறையில் 'தொழில்' என்றாலே பட்டறையும் ஆலையும்தான் முன்னால் நிற்கும். 'தொழில்சார் தொடர்பு' என்று எழுதினால் முதலாளிகளோடு வைத்துள்ள உறவு என்று படிக்கப்படும், 'தொழிலுறவு' என்றாலோ நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் இடையிலானதாகிவிடும். 'துறைசார் பயில்தொடர்பு' என்றால் இந்தச் சிக்கல் வராது. வாக்கியத்தில் இப்படி வரும்: 'இயந்திர மையம் அமைக்கும் முன் துறைசார் பயில்தொடர்பில் உள்ள மூன்று ஊர்ப் பணியாளர்களிடம் பராமரிப்புக் கட்டணம் பற்றிக் கேட்டறிந்தோம்.'