சொல் விளக்கம்: பூஃபிஸ்

பூஃபிஸ் (buufis) என்பது சோமாலிச் சொல். கென்யாவின் வடகிழக்கே கரிஸ்ஸா பகுதியில் உள்ள டடாப் அகதி முகாம்களில் அன்றாடம் புழங்குவது. 'பூஃப்' என்ற வினையிலிருந்து வந்தது. ஊது, காற்றடைத்து உப்பச் செய் என்று பொருள். 1972 முதல் சோமாலியை லத்தீன் எழுத்தில் எழுதுகிறார்கள். அதில் இரட்டித்த உயிரெழுத்து நெடிலைக் காட்டும். அதனால் தமிழில் 'புபிஸ்' என்று குறுக்கக்கூடாது.

எங்கோ தொலைவிலுள்ள ஒரு நாட்டில் குடியமர்த்தப்பட வேண்டும் என்ற தீராத வேட்கைதான் பூஃபிஸ். அந்த வேட்கை கொண்டவரையும் அப்படியே அழைப்பார்கள். ஆசை நொறுங்கும்போது சிலருக்கு வரும் மனக்கோளாறுக்கும் அதுவே பெயர். டடாபில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் சின்டி ஹோர்ஸ்ட் இந்த மூன்று பொருளையும் பதிவு செய்திருக்கிறார்.

ஊதுவதற்கும் ஊர் விட்டுப் போவதற்கும் என்ன தொடர்பு? முகாமைப் பார்த்தால் விளங்கும். 1991 ஜனவரியில் சோமாலியாவில் அதிபர் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் முற்றியபோது எல்லை தாண்டி வந்தவர்களுக்காக இஃபோ, டகஹலே, ஹகடேரா முகாம்கள் எழுந்தன. திட்டமிட்டது 90,000 பேருக்கு. 2011 பஞ்சத்தில் தொகை 4 லட்சத்தைத் தாண்டியது. வளைத்த குச்சிகளின் மேல் தார்ப்பாய் போர்த்திய குடிசையில் பிறந்த குழந்தை, அதே முகாமில் பள்ளி முடித்து, அங்கேயே பிள்ளை பெற்றிருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் முகாமை விட்டு வெளியேறினால் கைதாகலாம். முகாம் பள்ளியில் பாடம் நடத்தும் அகதி ஆசிரியருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, 'ஊக்கத்தொகை'. கென்ய ஆசிரியர் வாங்குவதில் சிறு பங்குதான். ரேஷனும் நிலையாக இருப்பதில்லை, நன்கொடை குறைந்தால் அளவும் குறையும்.

ஊருக்குத் திரும்ப வழியில்லை, இருக்கும் நாட்டில் குடியுரிமையும் இல்லை. மிச்சமிருப்பது மறுகுடியமர்வு ஒன்றுதான். அதுவோ உலக அளவில் ஆண்டுக்கு நூறு அகதிகளில் ஒருவருக்குக்கூட எட்டுவதில்லை. முன்பே வெளிநாடு போன உறவினர் அனுப்பும் பணமும் அலைபேசிப் பேச்சும் நெஞ்சுக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருக்கின்றன. நேர்காணல், பாதுகாப்புச் சோதனை, மருத்துவச் சோதனை என ஒவ்வொரு கட்டமும் மேலும் ஊதுகிறது. ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு உண்டு, ஒன்று காலாவதியானால் திரும்ப எடுக்க வேண்டும். 2017 ஜனவரியில் அமெரிக்கா பயணத் தடை விதித்தபோது, நைரோபியில் விமானத்துக்குக் காத்திருந்த சோமாலிக் குடும்பங்கள் டடாபுக்கே திருப்பி அனுப்பப்பட்டன. போகிறோம் என்று முகாமில் எல்லாரிடமும் விடைபெற்று வந்தவர்கள் அவர்கள்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'வெளிநாட்டு மோகம்' அறவே பொருந்தாது. அது ஆசைப்பட்டவர் மேல் குற்றம் சுமத்துகிறது. வேறு கதவு இல்லாதவரின் ஆசை மோகம் ஆகாது. 'கனவு' மிக மென்மையானது, நோயின் சாயலே அதில் இல்லை. 'பித்து' நோயை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்குக் காரணமான நம்பிக்கையை விட்டுவிடுகிறது.

என் தேர்வு 'ஏக்கம்'. பிள்ளை ஏங்கிப்போய்க் காய்ச்சலில் விழுந்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அங்கே விருப்பமும் நோயும் ஒரே சொல்லில் நிற்கின்றன, பூஃபிஸில் நிற்பதைப் போலவே. எதற்கான ஏக்கம் என்பதைக் காட்ட 'போக்கிடம்' என்பதை முன்னொட்டாகச் சேர்க்கலாம்: போக்கிட ஏக்கம். புகலிடம் அவர்களுக்குக் கிடைத்துவிட்டது, கிடைக்காதது போக்கிடம். ஆகவே 'புகலிட ஏக்கம்' என்று எழுதினால் பொருள் மாறிவிடும்.

ஆளைக் குறிக்கும்போது 'போக்கிட ஏக்கம் பிடித்தவர்' என்று எழுதலாம். செய்தியிலும் கட்டுரையிலும் முதல்முறை வரும் இடத்தில் பூஃபிஸ் என்ற மூலச் சொல்லையும் சேர்த்துத் தருவது நல்லது. அந்த மக்கள் தங்கள் நிலைக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் அது.